பத்து வயதுப் பெண்ணுக்கு முதல் காலிகிராஃபி பேனா: எதை வாங்குவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியில் இருக்கும் உங்கள் அக்கா மகளுக்குப் பத்து வயது. யாரோ அழகழகாக எழுதும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நோட்டின் பின்பக்கமெல்லாம் பென்சிலால் எழுத்து வரைகிறாள். கீழே இறங்கும் கோடுகளை மட்டும் இரட்டையாக்கி உள்ளே நிரப்புகிறாள். விஜயதசமிக்கு அவளுக்கு ஒரு காலிகிராஃபி பேனா வாங்கித் தரத் தாய்மாமனாக ஆசைப்படுகிறீர்கள். ஆயிரம் ரூபாயை ஒட்டிச் செலவு செய்யத் தயார். தேடினால் ஆறு நிப்பு போட்ட பெட்டி, இறகு செருகிய பேனா, பிரஷ் பென், இரண்டு முனை மார்க்கர் என்று வந்து குவிகிறது. அவள் இடது கைக்காரி. தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத வேண்டும் என்கிறாள். இதனால் பள்ளிக்கூடக் கையெழுத்தும் திருந்துமா என்று அக்கா கேட்கச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கம்பெனி என்பதைவிட, வாங்கிக் கொடுத்தது இரண்டே நாளில் அலமாரிக்குள் போய்விடக் கூடாது என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. அந்தக் கவலைக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். படித்து முடித்து நெடுநாள் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதினேன். ஃப்ளெக்ஸ் வந்தபின் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து வரைவது, சான்றிதழில் பெயர் எழுதுவது, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு எழுத்து வகுப்பு என்று பிழைப்பு மாறியது. பட்டை நிப்பும் பட்டை பிரஷும் என் கைக்குப் பழகியவை. அவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். பிரஷ் பென்னில் எனக்குப் பழக்கம் குறைவு. நான் வலது கைக்காரன் என்பதால், இடது கையைப் பற்றிச் சொல்வதும் வகுப்பில் பிள்ளைகளிடம் கவனித்ததை வைத்துத்தான். அந்த இடங்களில் என் பேச்சைக் கொஞ்சம் தளர்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. அவள் பார்த்த வீடியோவை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். காலிகிராஃபி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்றில் பேனாவின் முனை பட்டையாக, உளி வெட்டினதுபோல் இருக்கும். வெள்ளையடிக்கிற மட்டையை அகலவாக்கில் இழுத்தால் பட்டைக் கோடும், பக்கவாட்டில் இழுத்தால் மெல்லிய கோடும் விழுகிறதே, அதே கணக்கு. அழுத்தம் வேண்டியதில்லை, போகும் திசையே தடிமனைத் தீர்மானிக்கிறது. இன்னொன்றில் முனை கூராக, வளைந்து கொடுப்பதாக இருக்கும். அழுத்தினால் தடிக்கும், விட்டால் மெலியும். கூர் நிப்பும் பிரஷ் பென்னும் இந்த வகை. வீடியோவில் இங்கிலீஷ் ‘ஓ’ எழுத்தைப் பாருங்கள். தடித்த பகுதி கொஞ்சம் சாய்ந்து, இடப்பக்கம் கீழ்ப்பாதியிலும் வலப்பக்கம் மேல்பாதியிலும் விழுந்திருந்தால் அது பட்டை முனை. இறங்குகிற கோடு மட்டும் தடித்து, ஏறுகிற கோடு முடிபோல் மெலிந்திருந்தால் அது அழுத்தி எழுதியது. உங்கள் மருமகள் இறங்குகோடுகளை இரட்டையாக்குகிறாள் என்பதைப் பார்த்தால், அவள் கண்டது இரண்டாவது வகையாகத்தான் இருக்க வேண்டும். சொல்லிக் கொடுக்காமலே அந்தச் சூத்திரத்தைப் பிடித்திருக்கிறாள். கெட்டிக்காரி.

அப்படியிருந்தும் அவளுக்கு முதல் கருவியாகப் பட்டை முனையைத்தான் சொல்வேன். அழுத்தி எழுதும் பேனாவில் ஒவ்வொரு கோட்டிலும் அழுத்தத்தை ஏற்றி இறக்க விரல் பழக வேண்டும். அது வார வேலை அல்ல, மாத வேலை. கூர் நிப்பு என்றால் இன்னும் சிக்கல். மேலே ஏறும்போது முனை காகித நாரில் மாட்டும், மை தெறிக்கும், சீருடையில் விழும். பட்டை முனையில், எழுதும் வரிக்கும் முனையின் விளிம்புக்கும் நடுவே உள்ள கோணத்தை மட்டும் மாறாமல் பிடித்தால் போதும். தடிமனும் மெலிவும் தாமாக வரும். முதல் நாள் சாயங்காலமே தன் பெயர் அழகாக வந்துவிட்டதைப் பார்க்கிற பிள்ளை மறுநாளும் பேனாவை எடுக்கும். வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது.

பட்டை முனையின் அகலம் முக்கியம். பெரும்பாலோர் இதில்தான் சறுக்குகிறார்கள். சின்னக் கைக்குச் சின்ன நிப்பு என்று நினைத்து 1 மில்லிமீட்டர் அளவில் வாங்கிவிடுவார்கள். அதில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கோணம் தப்பினாலும் தெரியாது. தப்பு தெரியாவிட்டால் பிள்ளை எதைத் திருத்தும்? தொடக்கத்துக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை அகலம் இருக்கட்டும். எழுத்தின் உயரத்தை நிப்பு அகலத்தால்தான் அளப்பார்கள். இத்தாலிக் என்கிற சாய்வெழுத்துக்குச் சின்ன எழுத்தின் உடல் 5 நிப்பு உயரம். ஃபவுண்டேஷனல் என்கிற நிமிர்ந்த எழுத்துக்கு 4 நிப்பு. இந்த நிமிர்ந்த எழுத்தை வகுத்துக் கொடுத்தவர் இங்கிலாந்தின் எட்வர்ட் ஜான்ஸ்டன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பழைய லத்தீன் கைப்பிரதி ஒன்றை ஆராய்ந்து, மறைந்துபோயிருந்த பட்டைப் பேனா வித்தையை மீட்டவர் அவர். 3.8 மில்லிமீட்டர் நிப்பென்றால் இத்தாலிக் எழுத்தின் உடல் மட்டும் 19 மில்லிமீட்டர். மேலே நீளும் கோடும் கீழே தொங்கும் கோடும் சேர்ந்தால் ஒரு ஏ4 தாளில் ஐந்து வரிதான் கொள்ளும். ஐந்து வரி போதும். பெரிதாக எழுதினால்தான் தோளும் மணிக்கட்டும் சேர்ந்து அசையப் பழகும்.

இன்னும் ஒன்று, காசே இல்லாமல் செய்யலாம். இரண்டு பென்சிலைச் சேர்த்து மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். இரண்டு கூரும் ஒரே மட்டத்தில் காகிதத்தில் படட்டும். அந்தக் கூர்களுக்கு இடையே உள்ள தூரம்தான் நிப்பின் அகலம். இதை ஒரே கோணத்தில் பிடித்து எழுதினால் ஒவ்வொரு கோடும் இரட்டைக் கோடாக விழும். எங்கே விரிகிறது, எங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது என்பது எலும்புக்கூடுபோல் தெரியும். நான் வகுப்பில் முதல் வாரம் பேனாவையே கொடுப்பதில்லை, இதைத்தான் கொடுப்பேன். அவள் ஏற்கெனவே கோட்டை இரட்டையாக்கிப் பழகியவள். இதைப் பார்த்ததும் பிடித்துக்கொள்வாள். விஜயதசமிக்கு இன்னும் நாள் இருக்கிறதென்றால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

சரி, பேனாவுக்கு வருவோம். என் முதல் தேர்வு பட்டை முனை கொண்ட காலிகிராஃபி மார்க்கர். ஒரு பக்கம் அகல முனை, மறுபக்கம் அதைவிடக் குறுகிய முனை என்று இரண்டு முனையோடு கிடைக்கிறது. மை நிரப்ப வேண்டாம், கொட்டாது, அடைக்காது. குறை என்னவென்றால் ஃபெல்ட் முனை நாளாக ஆக மழுங்கும்; மழுங்கியபின் மெல்லிய கோடு வராது. இரண்டாம் தேர்வு, உங்கள் பட்ஜெட்டில் பெரும்பங்கைத் தின்றுவிடக் கூடியது, பைலட் கம்பெனியின் பேரலல் பேனா. சாதாரண நிப்புபோல் நடுவில் பிளவு கிடையாது. இரண்டு தட்டையான உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். நடுவில் உள்ள இடைவெளியில் மை வரும். அதனால் எந்தத் திசையில் தள்ளினாலும் மாட்டாமல் ஓடும். இடது கைக்காரப் பிள்ளைக்கு இது பெரிய சௌகரியம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். 1.5, 2.4, 3.8, 6.0 என்று பல அகலங்களில் வருகிறது. அவளுக்கு 3.8 வாங்குங்கள், பச்சை மூடி போட்டிருக்கும். அகலம் கூடக் கூட மை குடிக்கும். பேனாவுக்குள் செருகும் மைக்குழலான கார்ட்ரிட்ஜை ஒவ்வொரு தடவையும் புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது. காலியானதைக் கழுவி, சிரிஞ்சால் சாதாரண இங்க் பேனா மையை நிரப்பிக்கொள்ளலாம். அந்த வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். கழுவுவதற்கு ஒரு ரப்பர் குமிழும், தகடுகளுக்கு நடுவே விட்டுத் துடைக்க மெல்லிய பிளாஸ்டிக் தகடும் பெட்டிக்குள்ளேயே கொடுக்கிறார்கள். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

கேம்லின் போன்ற கம்பெனிகளின் செட்டில் ஒரே பேனா உடலுக்கு மாற்றி மாற்றிப் போடும் பட்டை நிப்புகள் வரும். விலைக்கு மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிப்புகள் பெரும்பாலும் குறுகலானவை. மாற்றும்போது விரலெல்லாம் மையாகும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல், பொறுமை வந்தபின் வாங்கலாம். இறகு செருகி, மைப்புட்டியும் சேர்த்து அலங்காரப் பெட்டியில் வருகிறதே, அதை மட்டும் வாங்காதீர்கள். படத்தில் அழகாக இருக்கும். இறகின் கனத்தில் பேனா பின்பக்கம் சாயும். கூட வரும் நிப்புகளின் விளிம்பு ஒழுங்காகத் தீட்டியிருக்காது. ஒரு பிள்ளைக்கு எழுத்தின் மேல் வெறுப்பு வர அந்த ஒரு பெட்டி போதும்.

கடையில் நேரில் வாங்க முடிந்தால் நல்லது. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ பெரிய ஸ்டேஷனரி கடைகளில் மார்க்கர் கிடைக்கும். எழுதிப் பார்க்க விடுவார்கள். முனையின் விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கோடு பிடித்ததுபோல் நேராக, இரண்டு மூலையும் கூராக இருக்க வேண்டும். மூலை உருண்டிருந்தால் வைத்துவிடுங்கள். அப்புறம் காகிதத்தில் கையைத் திருப்பாமல் ஏறி இறங்கும் வளைகோடு ஒன்று போடுங்கள். தடித்த இடமும் மெலிந்த இடமும் மாறி மாறி, மை விட்டுப்போகாமல் வந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் மை வந்து மறுபக்கம் வெள்ளையாகத் தெரிந்தால், முனை முழுதாகத் தாளில் படவில்லை என்று பொருள். பேனாவைக் கொஞ்சம் சமமாக்கி மறுபடி முயலுங்கள். அப்போதும் வராவிட்டால் வேறு எடுங்கள்.

இடது கை விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு: கையை மாற்றச் சொல்லவே கூடாது. பீச்சாங்கை என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஆரம்பித்தால் தாய்மாமன் நீங்கள்தான் தடுக்க வேண்டும். மற்றபடி சிக்கல் இதுதான். நம் எழுத்தும் இங்கிலீஷும் இடமிருந்து வலம் போகின்றன. வலது கை பேனாவை இழுத்துக்கொண்டு போகிறது. இடது கை தள்ளிக்கொண்டு போகிறது. பிளவு நிப்பு தள்ளினால் மாட்டும். பேரலல் பேனாவும் மார்க்கரும் அவளுக்கு ஏற்றவை என்று சொன்னது இதனால்தான். அடுத்தது கை வைக்கும் இடம். சில பிள்ளைகள் மணிக்கட்டை வளைத்து வரிக்கு மேலேயிருந்து எழுதுவார்கள். சிலர் கையை வரிக்குக் கீழே வைத்து எழுதுவார்கள். கீழே வைப்பவர்களுக்கு ஈரமான எழுத்தின்மேல் கை உரசாது. அவர்கள் தாளை உடலுக்கு இடப்பக்கமாகத் தள்ளி, வலப்பக்கம் சாய்த்து வைத்தால் கோணமும் பெரும்பாலும் கிடைத்துவிடும். மேலேயிருந்து எழுதும் பிள்ளையை ஒரேயடியாக மாற்ற நினைக்காதீர்கள். தாளை எவ்வளவு திருப்பினால் வசதி என்று அவளே கண்டுபிடிக்கட்டும். இடது கைக்கென்று முனையைச் சாய்வாக வெட்டிய நிப்புகளும் உண்டு. இங்கிலாந்தின் மேனுஸ்க்ரிப்ட் கம்பெனி இடது கைக்காரர்களுக்குத் தனிச் செட்டே போடுகிறது. என் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்கு அந்தச் சாய்வு உதவியது, சிலர் நேர் முனையே போதும் என்றார்கள். எனவே முதலில் நேர் முனை. தாளைத் திருப்பியும் கோணம் வரவில்லை என்றால் மட்டும் சாய்வு முனையைப் பார்க்கலாம்.

இனி தமிழ். நீங்கள் இதை ஒரு வரியில் கேட்டிருந்தாலும் எனக்கு இங்கேதான் ஆசை அதிகம். இங்கிலீஷ் எழுத்துக்குப் பட்டைப் பேனாவில் இன்ன கோணம், இன்ன உயரம் என்று புழங்கிவந்த வழிகள் இருக்கின்றன. நிமிர்ந்த எழுத்துக்கு 30 பாகை, இத்தாலிக்குக்கு 45 பாகை. தமிழுக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு ஒன்று கிடையாது. நம் எழுத்து ஓலையில் வளர்ந்தது. எழுத்தாணி கீறிய கோடு எந்தத் திசையிலும் ஒரே தடிமன்தான். புள்ளியைக்கூடப் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகளைப் பார்த்தால் தெரியும்: வளைவுகள் உண்டு, நெருக்கம் உண்டு, தடிமன் வேறுபாடு இல்லை. பக்கத்திலேயே பெரிய கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு எழுத்துகள் வரி வரியாக ஓடுகின்றன. அங்கே அழகு வருவது வரி பிடித்ததிலும், எழுத்துக்கு எழுத்து விட்ட இடைவெளியிலும். அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பேனாவுக்குக் கொடுக்கும் காசைப்போலவே அந்தப் பஸ் டிக்கெட்டும் பயன் தரும். நம் டெல்டாவிலேயே, தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் 1714-15ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, நம் கையெழுத்து வடிவங்கள் ஈய எழுத்தாக வார்க்கப்பட்டுவிட்டன. பட்டைப் பேனாவில் எழுதி எழுதி உருவான தமிழ் வடிவம் என்று நடுவில் ஒன்று வளரவில்லை என்பது என் எண்ணம். இது ஆராய்ச்சி முடிவல்ல. எழுதிப் பார்த்தவனின் அபிப்பிராயம்.

அதனால் தமிழில் அவளுக்கு விதி சொல்லாதீர்கள், சோதனை சொல்லுங்கள். ‘ட’வில் தொடங்கட்டும். ஒரு இறக்கம், ஒரு கிடைக்கோடு, அவ்வளவுதான். 3.8 பேனாவை 45 பாகையில் பிடித்தால் இரண்டு கோடும் ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர்; இரண்டும் ஒரே தடிமன். அதையே 30 பாகைக்குச் சாய்த்தால் இறக்கம் 3.3 ஆகத் தடிக்கும், கிடைக்கோடு 1.9 ஆக மெலியும். ஒரே எழுத்து, ஒரே பேனா, ஆளே மாறிப்போகும். எனக்கு 30 பிடிக்கும், இறக்கத்தில் ஒரு கம்பீரம் வருவதால். அவளுக்கு எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு ‘ப’வுக்குப் போகட்டும். ‘ப’வில் ஒரு சங்கதி. நாம் கையெழுத்தில் பேனாவை எடுக்காமல் இறங்கி, வலது பக்கம் போய், மேலே ஏறிவிடுவோம். பேரலல் பேனா மாட்டாது என்றாலும், பொதுவாகப் பட்டை முனைக்கு மேலே தள்ளுவது பிடிக்காது. இறங்கு, வலப்பக்கம் இழு, பேனாவை எடு, மறுபடி உச்சியில் வைத்து இறங்கு: இப்படி எழுதினால் இரண்டு காலும் ஒரே சீராக நிற்கும். எந்த எழுத்தை எங்கே வெட்டி எழுதுவது என்பதுதான் தமிழ்க் காலிகிராஃபியில் பாதி வேலை. ‘ம’, ‘ய’, ‘ல’ என்று மெதுவாகப் போகலாம். ‘இ’, ‘ஐ’, ‘ஞ’, ‘ண’ பக்கம் உடனே போக வேண்டாம். உள்ளே சுழி நிறைய. தடித்த முனையில் சுழி மூடிக்கொள்ளும். அதற்காக நான் தமிழ் எழுத்தின் உடலை 6, 7 நிப்பு உயரத்துக்குத் தூக்கிவிடுவேன். மெய்யெழுத்துப் புள்ளியை வட்டமாக வரைய முயற்சி செய்யக் கூடாது. 45 பாகையில் முனையை வைத்து ஒரு நிப்பு அகலம் சாய்வாக இழுத்து எடுத்தால் வைரம்போல் ஒரு சதுரம் நிற்கும். பிள்ளைகளுக்கு அதைப் போடுவதில் அப்படி ஒரு சந்தோஷம். ‘க்’ எழுதச் சொன்னால் புள்ளியை மட்டும் பத்துத் தடவை போடுவார்கள்.

மை, காகிதம் இரண்டையும் பற்றிச் சொல்லாவிட்டால் பேனா வாங்கியும் பயனில்லை. வரைபடத்துக்குப் பயன்படும் கறுப்பு இந்தியன் இங்கை எக்காரணம் கொண்டும் இங்க் பேனாவிலோ பேரலல் பேனாவிலோ ஊற்றக் கூடாது. அதில் அரக்கு கலந்திருக்கும். உள்ளே காய்ந்தால் பேனா போச்சு. தண்ணீரில் கழுவினால் போகிற சாதாரண நீல மை போதும். சட்டையில் பட்டாலும் கவலை குறைவு. காகிதத்தில் அதன் கனத்தைக் குறிக்கும் ஜி.எஸ்.எம். எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கனமான தாளிலும் மை பரவலாம். தாளுக்குப் போட்டிருக்கும் பசைதான் மையைத் தடுக்கிறது. பள்ளி நோட்டுத் தாள் பெரும்பாலும் மையை உறிஞ்சி மறுபக்கம் விட்டுவிடும். நல்ல பாண்ட் பேப்பர், அல்லது கணக்குப் புத்தகத்துக்குப் போடும் லெட்ஜர் தாள் வாங்குங்கள். பளபளவென்றிருக்கும் காலண்டர் தாளின் முன்பக்கம் ஆகாது. மை காயாமல் வழியும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் தாளே ஈரம் இழுத்து நமத்துப்போய்விடும். வெயில் காலத்தில் சுத்தமாக எழுதிய அதே தாளில் விளிம்பு பிசிறடிக்கும். தாள் கட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். அவள் தொடங்கப்போவதே அந்த மழைக்கு முன்னால் என்பதால் சொல்கிறேன். பிசிறடித்தால் அது தன் கைக் குற்றம் என்று அவள் நினைத்துவிடக் கூடாது.

அக்காவின் கேள்விக்கு நேர்மையான பதில்: நம்பிக்கை உண்டு, வாக்குறுதி தர முடியாது. நிதானம், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடும் கண், வரி பிடித்து எழுதுவது, இவை பழகப் பழக வரும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அது பரீட்சை அவசரத்தில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதும்போதும் கூட வருமா என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிறது. சிலருக்குக் கையெழுத்து நன்றாகத் தெளிந்தது. சிலர் காலிகிராஃபியில் அசத்திவிட்டு, வீட்டுப் பாடத்தைப் பழையபடியே கிறுக்கினார்கள். இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருப்பதே நல்லது என்பேன். ‘இவ்வளவு அழகாக எழுதத் தெரிகிறதே, நோட்டில் ஏன் இப்படி?’ என்று ஒரு தடவை கேட்டால் போதும், அன்றோடு பேனா மூலைக்குப் போகும். இது அவள் விளையாட்டாகவே இருக்கட்டும்.

அவளுக்குக் கட்டாயம் அந்த வீடியோவில் பார்த்ததுபோல அழுத்தி எழுதும் எழுத்துதான் வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். சின்ன முனை கொண்ட, கொஞ்சம் விறைப்பான பிரஷ் பென் ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். டாம்போ கம்பெனியின் ஃபுடெனோசுகேயில் விறைப்பு முனை, மென் முனை என்று இரண்டு வகை உண்டு. விறைப்பு முனை சின்ன விரல்களுக்கு அடங்குகிறது. பெரிய, மெத்தென்ற முனை வேண்டாம். பிள்ளைகள் அதைச் சீக்கிரமே நசுக்கிவிடுகிறார்கள். வழவழப்பான தாளில்தான் எழுத வேண்டும். சொரசொரத் தாள் முனையைப் பிய்த்துவிடும். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துவது என்பதற்கு என்னைவிட அதையே தினமும் எழுதுகிறவர்களைக் கேட்பது மேல்.

நானாக இருந்தால் இப்படி வாங்குவேன்: இரண்டு முனை மார்க்கர் கறுப்பிலும் நீலத்திலும் ஒவ்வொன்று, ஒரு கட்டு பாண்ட் பேப்பர், நல்ல ஸ்கேல், பென்சில், அவள் கேட்டால் ஒரு பிரஷ் பென். ஆயிரத்தில் மீதியை அப்படியே வைத்திருங்கள். பொங்கல் வரைக்கும் பாருங்கள். மார்க்கர் முனை மழுங்கிப்போய் அவளே வேறு கேட்டால், அப்போது 3.8 பேரலல் பேனா. வேண்டுமானால் கையிலிருந்து கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம். வீடு தாங்கும், இப்போதே வாங்கலாம் என்றாலும் தப்பில்லை. ஆனால் மார்க்கரையும் சேர்த்தே கொடுங்கள். மை தீர்ந்த நாளிலும் எழுதக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். மையில் தொட்டு எழுதும் நிப்புப் பேனாவை இன்னும் ஓரிரு வருஷம் கழித்துப் பார்க்கலாம். வாங்கும் நாளில், புது நிப்பின்மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால்தான் மை பிடிக்கும். எழுதி முடித்ததும் கழுவி ஈரம் போகத் துடைத்து வைக்க வேண்டும்; எஃகு நிப்பு நம் மழைக்காலத்தில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

அவள் எழுதத் தொடங்கியபின் ‘ட’ ஒரு வரி, ‘ப’ ஒரு வரி எழுதச் சொல்லி, தாளோடு சேர்த்து அவள் கை இருக்கும் நிலையையும் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். முகம் வேண்டாம், கை மட்டும் போதும். தாளை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை அந்தப் படத்தைப் பார்த்தால்தான் சரியாகச் சொல்ல முடியும்.